சைக்கிள் பயணமும் சொல்லாத சுமையும்



ஒவ்வொரு வருடமும் தை மாதம் பிறந்ததும் வரிப் படிவத்தைப் பற்றிப் பேசி உங்களைப் பயமுறுத்துவது என்னுடைய வழக்கம். இன்று வரி இல்லை. பல நாட்கள் கூட்டமாகச் சைக்கிளில் போய், இரவில் கூடாரம் அடித்துத் தங்கும் பயணத்துக்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதுதான் இன்றைய உரை. சென்ற கோடையில் நாங்கள் எட்டுப் பேர் அப்படி லண்டனிலிருந்து பாரிஸ் வரை போய் வந்தோம். அதைக் கேள்விப்பட்ட பல நேயர்கள் "என்ன சைக்கிள் வாங்க வேணும்? எவ்வளவு காசு முடியும்?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. நாங்களும் அதைக் கேட்காமல் விட்டோம். அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் நண்பர் ஒருவர் பெரும் ஆபத்துக்கு உள்ளானார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முதலில் பாதை. லண்டனையும் பாரிசையும் இணைக்கும் 'அவென்யு வேர்ட்' என்ற சைக்கிள் பாதை, லண்டனில் ஒலிம்பிக் நடந்த 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிரெஞ்சு மொழியில் 'பசுமைச் சாலை' என்று பொருள். தேம்ஸ் கரையில் லண்டன் ஐ இராட்டினத்தின் அடியில் தொடங்கி, பாரிசில் நொத்ர-டாம் தேவாலயத்தின் முன் முடிகிறது. 2019இல் எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதே, அதே தேவாலயம்தான். தூரம் சுமார் 400 கிலோமீற்றர். பிரான்சில் பாதை இரண்டாகப் பிரிவதால் எந்தக் கிளையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சற்றுக் கூடிக் குறையும்.

இந்தப் பாதை நம்மவர் பலருடைய வீட்டு வாசலால் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. வோண்டில் ஆற்றங்கரையை ஒட்டி, கொலியர்ஸ்வூட், மேர்ட்டன், மோர்டன் பக்கமாகத்தான் அது தெற்கே இறங்குகிறது. ரூட்டிங்கிலும் மிச்சத்திலும் இருப்பவர்களுக்குச் சில நிமிட ஓட்டம். பிறகு ரெட்ஹில், கட்விக் விமான நிலையத்தின் அடியால் குரோலி, அங்கிருந்து ஈஸ்ட் கிறின்ஸ்ரெட், கிறூம்பிறிட்ஜ், ஹீத்ஃபீல்ட், கடைசியில் நியூஹேவன் துறைமுகம். கப்பலில் நான்கு மணி நேரம். இறங்கினால் பிரான்சின் டியெப் துறைமுகம்.

இந்தப் பாதையின் நல்ல பகுதிகள் பலவும் பழைய ரயில் பாதைகள். 1960களில் டொக்டர் பீச்சிங் என்பவரின் அறிக்கையை ஒட்டி இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகள் மூடப்பட்டன. குரோலிக்கும் கிறூம்பிறிட்ஜுக்கும் இடையில் ஓடிய ரயில் 1967இல் நின்றது. அந்தப் பீச்சிங் குடியிருந்த ஊர் இதே பாதையில் வரும் ஈஸ்ட் கிறின்ஸ்ரெட்தான். அவர் மூடியதால் நமக்கு லாபம். ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே ரயில் ஓடிய பாதையில் ஐம்பது வயதுக்காரரின் முழங்காலும் தாக்குப் பிடிக்கும்.

சைக்கிளில் கூடாரம் கொண்டுபோகும் பழக்கத்தை இந்த நாட்டில் பரப்பியவர் ஒரு தையற்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பது அவர் பெயர். லண்டனில் தையற்கடை வைத்திருந்தார். 1853இல் சிறுவனாக இருந்தபோது பெற்றோரோடு அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித் தொடரில் கடந்தவர். அந்த ஆசை அவரை விடவில்லை. தோழர் சிலருடன் அயர்லாந்தின் கொனமாரா பகுதியில் சைக்கிளில் கூடாரத்தோடு சுற்றிவிட்டு வந்து, 1898இல் அதை ஒரு நூலாக வெளியிட்டார். அதைப் படித்து ஆர்வம் கொண்டவர்களோடு சேர்ந்து 1901இல் சைக்கிள் முகாமிடுவோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இன்று கரவன் வைத்திருப்போர் எல்லாரும் அறிந்த 'காம்பிங் அண்ட் கரவனிங் கிளப்' அந்தச் சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான். அவர் தையற்காரர் என்பதால் துணியின் நிறை தெரியும். கால்பலத்தால் ஓடும் வண்டியில் ஏற்றுகிற ஒவ்வொரு அவுன்சுக்கும் கணக்குப் பார்த்தார். நூற்று இருபது வருடங்கள் கழிந்தும் ஆயத்தத்தின் முதற்பாடம் அதுவே.

சரி, கணக்குக்கு வருவோம். சுமையோடு, கூட்டமாக, சாதாரண ஆட்கள் ஓடும்போது மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் நல்ல வேகம். தேத்தண்ணி, படம் எடுத்தல், வழி தவறுதல், ஒருவருக்குக் காற்றுப் போதல் எல்லாம் சேர்த்தால் சராசரி 10தான் வரும். ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஆறு மணி நேரம். ஏழு நாள் ஓடினால் 420. ஆகவே ஏழு நாள் என்று முடிவு செய்தோம். எங்கள் கூட்டத்து இளைஞர்கள் நான்கு நாள் போதும் என்றார்கள். அவர்களுக்குப் போதும்தான். ஆனால் கூட்டம் என்று போனால் கடைசியில் வருபவரின் வேகம்தான் எல்லாருடைய வேகமும்.

சைக்கிளைப் பற்றி: புதிது வாங்கத் தேவையில்லை. பின்னால் உறுதியான கரியர் பூட்டக்கூடியதாக, மேட்டில் ஏற இலேசான கியர் உள்ளதாக இருந்தால் போதும். சீற்றின் உயரத்தைக் கடையில் காட்டிச் சரிசெய்யுங்கள். முழங்கால் நோவுக்குப் பாதிக் காரணம் அதுதான். இரண்டு ரயரையும் தேய்வு பார்த்து மாற்றுங்கள். பிறேக் கட்டைகள், செயின் இரண்டையும் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னரே மாற்றி, அதன் பிறகு ஓடிப் பாருங்கள். புது உதிரிப்பாகத்தோடு பயணம் தொடங்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு உபரி ரியூப், கூட்டத்துக்கு இரண்டு பம், ஒரு செயின் கழற்றி. எட்டுப் பேரும் ரியூப் மாற்றப் பழகியிருக்க வேண்டும். ஊரில் பதினைந்து வயதில் செய்ததுதானே என்று சொன்ன நானே, என் வீட்டுக் கராஜில் ஒரு மணி நேரம் திண்டாடினேன்.

அடுத்தது நிறை. எங்கள் பட்டியலைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் படுக்கும் கூடாரம் இரண்டரைக் கிலோ. ஒருவர் துணியையும் மற்றவர் கம்பிகளையும் கொண்டுபோனால் ஆளுக்கு ஒன்றேகால். படுக்கைப் பை ஒன்றேகால். விரிப்பு அரை. உடுப்பும் மழைச்சட்டையும் இரண்டு. அடுப்பு, சட்டி நாலு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அரை. கருவிகள் முக்கால். தண்ணீர் ஒன்றரை. சாப்பாடு ஒன்றரை. மருந்து, விளக்கு, பூட்டு, இதர சாமான் ஒன்றரை. கூட்டினால் பத்தேமுக்கால் கிலோ. பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்தோம்.

முதற்தடவை எல்லாருடைய பொதியையும் விமானப் பயணப் பெட்டி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, ஒன்றுகூடப் பதினைந்துக்குக் கீழே இல்லை. ஒருவருடையது இருபத்துமூன்று. பையைத் திறந்தால் இடியப்ப உரலும் தட்டுகளும் இருந்தன. எல்லாரும் சிரித்தோம். பிறகு என் பையைத் திறந்தார்கள். அதற்குள் இரண்டு பாரமான போர்வைகளும், வீட்டுப் பத்திரங்களின் பிரதிகள் அடங்கிய கோப்பு ஒன்றும் இருந்தன. ஏன் வைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. என் வயதில் உள்ள யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சைக்கிளில் பொதி கட்டுவது என்றால் 1995 ஐப்பசி மாதத்து நினைவுதான். பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் சைக்கிள்தான் எங்கள் லொறி. வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்த அந்த இரவில், பழைய ரியூப்பை நாடாவாக வெட்டி, கரியரிலும் காண்டிலிலும் கட்டக்கூடியதை எல்லாம் கட்டினோம். உறுதிகளும் சேர்ட்டிபிக்கற்றுகளும் முதலில் பைக்குள் போயின. திரும்பி வருவோமா என்று தெரியாதபோது அப்படித்தான் கட்ட வேண்டும். ஏழு நாளில் வீடு திரும்பும் பயணத்துக்கும் என் கை அதே பொதியைத்தான் கட்டியிருக்கிறது. நேயர்களே, உங்களில் யாராவது கூடுதலாகக் கட்டினால் வெட்கப்படாதீர்கள். ஆனால் வெளியே எடுத்து வையுங்கள்.

இனிப் பயிற்சி. மாசி மாதத்தில் இருபது கிலோமீற்றரில் தொடங்கி, பங்குனியில் நாற்பது, சித்திரையில் அறுபது என்று சனிக்கிழமைகளில் ஓடினோம். புறப்படுவதற்கு முன் இரண்டு காரியங்கள் கட்டாயம். ஒன்று, அடுத்தடுத்து இரண்டு நாள் ஓடிப் பார்ப்பது. இரண்டாம் நாள் காலையில் சீற்றில் ஏறும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லும். மற்றது, முழுச் சுமையோடு ஒரு இரவு கூடாரத்தில் தங்குவது. இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காணிக்காரரின் அனுமதி வேண்டும். டார்ட்மூர் ஒரு விலக்கு. அங்குள்ள உரிமையை 2025இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. ஆகவே முகாம் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

அந்தச் சித்திரை மாதத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஈஸ்ட் குரோய்டனில் ரயிலேறித் திறீ பிறிட்ஜஸில் இறங்கி, பழைய ரயில் பாதையால் கிறூம்பிறிட்ஜ் வரை போய்த் திரும்புவது திட்டம். போகவர ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். காலநிலை நன்றாக இருந்தது. திரும்பி வரும் வழியில், ஹார்ட்ஃபீல்ட் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், நண்பர் பின்தங்கத் தொடங்கினார். அவர் எங்கள் கூட்டத்தில் மூத்தவர். நின்று பார்த்தோம். வந்தவர் முகத்தைத் துடைத்தபடி எங்களோடு சண்டைக்கு வந்தார். "என்னை ஏன் நிண்டு பாக்கிறியள்? எனக்கு ஓடத் தெரியாதோ?" என்று கத்தினார். அவர் அப்படிக் கதைக்கிற மனிதர் இல்லை. கடைசியாக வருகிறோமே என்ற ரோசம் என்று நினைத்து, நாங்கள் ஒன்றும் பேசாமல் மெதுவாக ஓடினோம். ஐந்து நிமிடம் போயிருக்காது. அவருடைய சைக்கிள் நேராகப் போய்ப் பற்றைக்குள் இறங்கியது.

கூட்டத்தில் மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி இருந்தா. அவதான் முதலில் ஓடிப்போனா. நண்பரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் எங்களைப் பார்த்தது, ஆனால் ஆட்களைப் பிடிபடவில்லை.

"அண்ணை, சாப்பிட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. இண்டைக்குச் சதுர்த்தி."

"குளிசை ஏதும் போடுறனீங்களோ?"

"அது காலமை போட்டனான்."

தங்கச்சி வேறு ஒன்றும் கேட்கவில்லை. தன் பையிலிருந்த தோடம்பழச் சாற்றுப் பெட்டியைத் திறந்து, மிடறு மிடறாகக் குடிக்க வைத்தா. பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பிஸ்கற் கொடுத்தோம். அன்று மிச்சத் தூரம் யாரும் ஓடவில்லை.

அவருக்குப் பதினொரு வருடமாக நீரிழிவு. கிளிக்ளசைட் என்ற குளிசை எடுக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "சொன்னால் விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு பயந்தன்" என்றார். நான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் ஒரு வருடமாகப் பிறெஷர் குளிசை உண்டு. நானும் சொல்லியிருக்கவில்லை.

என் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையில் எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கலாம். ஆனால் நாளைக்கு வரக்கூடிய ஒரு பொறுப்பு, ஒரு வழக்கோ ஒரு பிணையோ இருந்தால், அதைக் குறிப்பில் வெளிப்படுத்த வேண்டும். அதை மறைத்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவன் ஏமாந்து போவான். முப்பது வருடமாக மற்றவர்களுக்கு இதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான், என் தோழர்களுக்கு அதைச் செய்யவில்லை. கூடாரத்தின் நிறையைக் கால் கிலோ வரை நிறுத்த எட்டுப் பேரும், ஒருவரின் உடம்பைப் பற்றி மற்றவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லாத அந்தச் சுமையும் கூடவே சைக்கிளில் ஏறித்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு என் வீட்டில் கூடினோம். நானே தொடங்கினேன். என் குளிசையைச் சொன்னேன். பிறகு நண்பர். பிறகு ஒருவர் தனக்கு ஆஸ்துமா என்றார். ஒரு தம்பி, இருட்டில் தனக்குக் கண் சரியாகத் தெரியாது என்றான். இடியப்ப உரல் கொண்டுவந்தவர் தயங்கித் தயங்கி, சிறு கூடாரத்துக்குள் தனக்கு மூச்சு முட்டுவதுபோல் பயம் வரும் என்றார். அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருக்கு வாசல் பெரிய கூடாரம் ஒன்றை இரவல் வாங்கினோம். எட்டுப் பேரில் ஐந்து பேரிடம் சொல்ல ஏதோ இருந்தது. ஒருவரையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

அன்று எழுதிய தாளை உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். ஒரு பக்கம் போதும். பெயர், என்ன வருத்தம், என்ன மருந்து, எந்த நேரம், அது எந்தப் பையில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டுத் தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை. எட்டுப் பேரிடமும் எட்டுப் பிரதி. பயணம் முடிந்ததும் கிழித்து எறிந்தோம். அது ஒருவர் மற்றவருக்குக் கொடுத்த நம்பிக்கை. வெளியே போகக் கூடாது.

நீரிழிவு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரை விட இரண்டு முதல் நான்கு மடங்கு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே நம்மவர் எட்டுப் பேர் சேர்ந்தால் ஒருவருக்காவது இருக்கும் என்று எண்ணித்தான் ஆயத்தம் செய்ய வேண்டும். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர், விரதம் இருந்துகொண்டு ஓடினால் இறங்கும். 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடனே இனிப்பு: 15 முதல் 20 கிராம் வரை, அதாவது நாலைந்து குளுக்கோஸ் வில்லைகள் அல்லது ஒரு சிறிய பெட்டிப் பழச்சாறு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். சரியானதும் பாண் அல்லது பிஸ்கற். சொக்லற் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சீனி மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல், பக்கவாட்டில் கிடத்தி, இங்கே 999, பிரான்சில் 112 அழைக்க வேண்டும்.

வியர்வை, நடுக்கம், குழப்பம் மட்டும் அடையாளம் இல்லை. காரணமில்லாத கோபமும் அடையாளம். அன்று ஹார்ட்ஃபீல்டில் நாங்கள் ரோசம் என்று நினைத்தது அதைத்தான். இன்னொன்று: நீண்ட நேரம் ஓடிய நாளின் இரவில், நித்திரையிலும் சீனி இறங்கலாம். ஆகவே அப்படியானவர் தனிக் கூடாரத்தில் படுக்கக் கூடாது. மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். நண்பர் தன் குடும்ப வைத்தியரிடமும் நீரிழிவுத் தாதியிடமும் போய், தினமும் எத்தனை மணி நேரம் ஓடுவோம் என்று சொல்லி, அந்த ஏழு நாளுக்கும் உரிய அளவை எழுதி வாங்கி வந்தார். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே குறித்த வருத்தங்கள் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள்.

ஓடும்போது எங்கள் ஒழுங்கு இது. வழி தெரிந்த ஒருவர் முன்னால். நல்ல பலமுள்ள ஒருவர் கடைசியில். அவரை யாரும் பின்தங்க விடுவதில்லை, அவரும் யாரையும் தாண்டுவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னவர் கடைசியாளின் முகம் தெரியும் வரை நிற்க வேண்டும். நெடுஞ்சாலைக் கோவை 2022இல் திருத்தப்பட்ட பின், கூட்டமாக ஓடுபவர்கள் இருவர் இருவராகப் பக்கத்தில் ஓடலாம், அது பாதுகாப்பாகவும் இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் ஒடுங்கிய தெருவில் ஒற்றை வரிசைதான். டியெப்பில் இறங்கியதும் வலப் பக்கம் ஓட வேண்டும் என்பதை எல்லாருடைய காண்டிலிலும் ஒட்டி வைத்தோம்.

அடுத்தது, திரும்பி வரும் வாசல்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எங்கே ரயில் ஏறலாம் என்று முதலே குறித்து வையுங்கள். திறீ பிறிட்ஜஸ், ஈஸ்ட் கிறின்ஸ்ரெட், பொலிகேற், நியூஹேவன். பிரான்சில் டியெப், பிறகு ஜிசோர். வாசல் இருக்கிறது என்று தெரிந்தால், மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வரும். பயணச் செலவுக்கு ஆளுக்கு 250 பவுண் போட்டு, இரண்டாயிரம் சேர்த்தோம். அதில் இருநூறை அவசர ஒதுக்கமாகத் தனியே வைத்தேன். இடையில் திரும்புபவரின் ரயில் காசு அதிலிருந்து போகும், திருப்பித் தரத் தேவையில்லை என்று எழுதி எல்லாரும் கையொப்பம் வைத்தோம். சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. சிட்டைகளை ஒரு உறையில் போட்டு, ஒவ்வொரு இரவும் கணக்கை வாசித்தேன்.

கடைசியாகப் பத்திரங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு, நீங்கள் பிரான்சுக்குள் நுழையும் நாளில் வழங்கிப் பத்து வருடத்துக்குட்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோ இந்தியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் விசாவுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். ஜீ.எச்.ஐ.சி. என்ற சுகாதார அட்டை இலவசம். காசு கேட்கும் தளங்களில் மாட்டுப்படாதீர்கள். அந்த அட்டை இருந்தாலும் பயணக் காப்புறுதி வேண்டும். காப்புறுதிப் படிவத்திலும் பழைய வருத்தங்களை மறைக்கக் கூடாது. மறைத்தால் கட்டிய காசும் வீண், கேட்கும்போது இழப்பீடும் மறுக்கப்படலாம். 2021 முதல் இறைச்சி, பால் சார்ந்த உணவுகளைப் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே கோழி ரோலும் தயிர்ச்சாதமும் கப்பலிலேயே முடிந்துவிட வேண்டும்.

நாங்கள் ஆனி மாதம் புறப்பட்டோம். எல்லாம் சரியாக நடந்ததென்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் விடாத மழை. டியெப்பில் ஒருவரின் கரியர் ஆணி தொலைந்தது. நான்காம் இரவு நெஷாத்தெல் என்ற ஊரின் முகாமில் தங்கினோம். நண்பரும் நானும் ஒரே கூடாரம். இரவு இரண்டு மணிக்கு மணி வைத்து எழும்பிச் சோதிப்பது எங்கள் ஒழுங்கு. முதல் மூன்று இரவும் ஒன்றுமில்லை. இன்றைக்கு விடுவோமா என்று எனக்கே தோன்றியது. ஆனால் தாளில் எழுதியிருந்தோம். விளக்கைப் போட்டு விரலில் குத்திப் பார்த்தார். 3.4.

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நல்ல நித்திரையில் இருந்தவர். பழச்சாறு அவருடைய பையின் இடப் பக்கத்தில் இருந்தது. இருட்டில் என் கை நேரே அங்கே போனது. குடித்தார். பதினைந்து நிமிடம் இருவரும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். திரும்பவும் குத்திப் பார்த்தபோது 5.2. இரண்டு பிஸ்கற் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எனக்கு விடியும்வரை நித்திரை வரவில்லை.

காலையில் அவர் தாதிக்குத் தொலைபேசி எடுத்து, சொன்னபடி செய்தார். நாங்கள் ஒரு மணி நேரம் பிந்திப் புறப்பட்டோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மூன்று நாள் கழித்து நொத்ர-டாமின் முன்னால் எட்டுச் சைக்கிளும் சாய்ந்து நின்றன. அவசர ஒதுக்கத்து இருநூறு பவுணும் செலவாகாமல் மிஞ்சியது. அதில் ஆளுக்கு ஒரு கோப்பி குடித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரித்தேன்.

நேயர்களே, சைக்கிளையும் கூடாரத்தையும் கடையில் வாங்கலாம், இரவலும் வாங்கலாம். ஆனால் போகிறவர்கள் ஒன்றாக இருந்து, ஒவ்வொருவரும் தன்னுடையதைச் சொல்லி, மற்றவர் கேட்கும் அந்த ஒரு மாலையை நீங்களேதான் ஒழுங்கு செய்ய வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் முதலில் தன்னுடையதைச் சொல்லட்டும். மற்றவர்கள் தாமாகச் சொல்வார்கள்.